ரேஸ் வந்தா ரோடு வருமாம்

நீளமான பதிவு. ஒரே மூச்சுல படிக்க முடியலைன்னா சேமிச்சு வச்சு அப்புறம் படிங்க. நைட் டியூட்டி முடிச்சு வந்து எழுதுறேன், கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்.

இந்த வருஷம், 2026 ஜனவரி 19 முதல் 23 வரை, புனேயில் ஒரு சைக்கிள் ரேஸ் நடந்தது. பேரு புனே கிராண்ட் டூர். முதல் நாள் நகரத்துக்குள்ள ஒரு குட்டி ஓட்டம். அடுத்த நாலு நாளும் நாலு ஸ்டேஜ். மொத்தம் 437 கிலோமீட்டர். உலக சைக்கிள் பந்தயங்களை ஒழுங்குபடுத்தும் யூசிஐ அமைப்போட 2.2 தரத்தில் நடந்த ரேஸ். வெளிநாட்டு அணிகள் எல்லாம் வந்து ஓட்டினாங்க. ரேஸ் போற பாதையில ரோடெல்லாம் புதுசா போட்டாங்க.

அந்த வீடியோவை எங்க ஸ்கூல் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் போட்டான். கீழ ஒரு வரி:

"மாப்ள, நம்ம அருப்புக்கோட்டை - திருச்சுழி ரோட்டுல இப்படி ஒண்ணு நடத்துனா எப்படி இருக்கும்? ரேஸ் வந்தா ரோடு தானா வரும்."

அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல். "செமடா", "கலெக்டர்கிட்ட மனு குடுப்போம்", "நாலு வழிச்சாலைல ஸ்பிரின்ட் வைக்கலாம்".

நான் ஒண்ணும் எழுதலை. எழுதுனா "டாக்டரு எதையும் நெகட்டிவாத்தான் பாப்பான்"னு சொல்லுவாங்க. அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குப் பதிலாத்தான் இது.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். நான் ரேஸுக்கு எதிரி இல்லை. ஒவ்வொரு ஜூலையும் டூர் டி பிரான்ஸ் பார்க்கிறவன். டியூட்டி ரூம்ல போனை தலையணைல சாய்ச்சு வச்சு மலையேற்ற ஸ்டேஜ் பார்த்திருக்கேன். "இதெல்லாம் பணக்கார நாட்டு விளையாட்டு, நமக்கெதுக்கு"ன்னு சொல்றவங்ககூடவும் நான் சேரமாட்டேன். 2025 செப்டம்பர்ல உலக ரோடு சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது ருவாண்டா நாட்டோட கிகாலியில. ஆப்பிரிக்காவிலேயே முதல் தடவை. அவங்க என்ன நம்மளைவிடப் பணக்காரங்களா?

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சின்ன வயசுல எங்க ஊர்ப் பொட்டல்ல ஒருத்தர் ஏழு நாள் கீழ இறங்காம சைக்கிள் சுத்துவாரு. குளியல், சாப்பாடு எல்லாம் சைக்கிள் மேலயே. சாயங்காலமானா ரேடியோ செட்டு, நெஞ்சுல டியூப் லைட்டை உடைக்கிறது, துண்டை ஏந்தி சில்லறை வசூல். நமக்குத் தெரிஞ்ச பல நாள் சைக்கிள் அதுதான். ஸ்டேஜ் ரேஸ்ங்கிறது அதோட பெரிய வடிவம்னு வச்சுக்கோங்க. தினமும் ஒரு ஊர்ல கிளம்பி இன்னொரு ஊர்ல முடியும். ஒவ்வொரு நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்கு மொத்தம் குறைவோ அவருக்குக் கோப்பை. 1903ல் ஆரம்பிச்ச டூர் டி பிரான்ஸ்ல இப்போ மூணு வாரம், 21 ஸ்டேஜ், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நூறு நூத்தைம்பது பேர் ஒருத்தர் முதுகை ஒருத்தர் ஒட்டி, காத்தை மறைச்சுக்கிட்டு, மணிக்கு நாப்பது அம்பது வேகத்துல போவாங்க. ஒருத்தர் சறுக்கினா இருபது பேர் விழுவாங்க.

அதனால அந்த ரேஸுக்குள்ளேயே ஒரு ஆஸ்பத்திரி ஓடும். டாக்டர் கார், பின்னாடி ஆம்புலன்ஸ், ரேடியோ, முன்னாடி ரோட்டை மூடிக்கிட்டே போற போலீஸ் வண்டி. டிவியில நீங்க பாக்குறது முன்னாடி போறவரை. ஒரு கேஷுவால்ட்டி டாக்டரா நான் பாக்குறது பின்னாடி வர்ற அந்த வண்டிகளை.

2015 ஜூலையில டூர் டி பிரான்ஸோட மூணாவது ஸ்டேஜ், பெல்ஜியத்துல. பெரிய விபத்து. அதுல மஞ்சள் ஜெர்சி போட்டிருந்த கான்செல்லாராவும் ஒருத்தர், முதுகெலும்பு முறிவோட. ரேஸ் இயக்குநர் என்ன பண்ணாரு தெரியுமா? ஓடிக்கிட்டிருந்த ரேஸை நிறுத்திட்டாரு. காரணம், இருந்த டாக்டருங்களும் ஆம்புலன்ஸுங்களும் விழுந்தவங்களைக் கவனிச்சுக்கிட்டிருந்தாங்க. அடுத்து ஒருத்தர் விழுந்தா பாக்க ஆள் இல்லை. ஆள் வர்ற வரைக்கும் ஒருத்தரும் போகக்கூடாது. கோடிக்கணக்கான பேர் பாக்குற ஒரு ரேஸ், ஆம்புலன்ஸ் காலி இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக நின்னுச்சு.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க பக்கத்து ராத்திரி ஞாபகம் வரும். ஒரு தலைக்காயத்தை ஏத்திக்கிட்டு வண்டி மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினா போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது கிலோமீட்டர். அதுவரைக்கும் திருச்சுழி ரோடும் நரிக்குடி ரோடும் நிக்கவா செய்யுது?

இப்போ போன மாசம் நடந்ததைச் சொல்றேன். ஆளு யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

நாப்பது வயசைத் தாண்டினவர். ஸ்பின்னிங் மில்லுல வேலை. ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு நடுராத்திரி சைக்கிள்ல வீட்டுக்குக் கிளம்பியிருக்காரு. எட்டு கிலோமீட்டர். தினமும் போற ரோடு. பின்னாடி வந்த ஏதோ ஒரு வண்டி தட்டிட்டுப் போயிருச்சு. ரோட்டை விட்டுத் தெறிச்சு சீமைக்கருவேல மரத்துக்கடியில விழுந்துட்டாரு. காலைல நாலரை மணிக்குப் பால் ஊத்தப் போனவர்தான் சைக்கிள் சக்கரம் வெளிய நீட்டிக்கிட்டிருக்கிறதைப் பார்த்திருக்காரு.

எங்ககிட்ட வரும்போது நினைவு இல்லை. ஒரு கண்ணோட பாப்பா விரிஞ்சு போச்சு. இது மண்டை ஓட்டுக்குள்ள அழுத்தம் ஏறி மூளை கீழ இறங்குறதோட அடையாளம். குழாய் போட்டு மூச்சைக் காப்பாத்தி மதுரைக்கு அனுப்பினோம். அங்கே ஸ்கேன்ல தெரிஞ்சது எக்ஸ்ட்ராடியூரல் ரத்தக்கட்டு. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல தேங்குற ரத்தம். தலைக்காயத்துல எங்களுக்கு ரொம்ப வலிக்கிற வார்த்தை அதுதான், ஏன்னா நேரத்துக்கு வந்தா காப்பாத்திடலாம். ஓட்டையில துளை போட்டு ரத்தத்தை எடுத்தா, அடுத்த வாரம் எழுந்து உக்காந்து காபி கேட்ட ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். இவர் நாலு மணி நேரம் முள்ளுக்குள்ள கிடந்தாரு. மூணாவது நாள் இறந்துட்டாரு.

அவர் மனைவி சர்டிபிகேட் விஷயமா வந்தப்போ என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"சைக்கிளுக்குப் பின்னாடி லைட்டு மாட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமா சார்? மாட்டணும் மாட்டணும்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

"தெரிஞ்சிருக்கலாம்மா"ன்னு சொல்லிட்டேன். அது உண்மை. ஆனா அந்த உண்மையை நான் தப்பான ஆள்கிட்ட சொல்லிட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

இப்போ ரேஸுக்கு வருவோம். 2024 செப்டம்பர்ல சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் உலக சாம்பியன்ஷிப். மூரியல் ஃபுரர்னு 18 வயசுப் பொண்ணு, உள்ளூர்க்காரி, ஜூனியர் பிரிவு ரேஸ்ல ஒரு காட்டுப் பகுதி இறக்கத்துல விழுந்துட்டா. மழை. விழுந்ததை யாரும் கவனிக்கலை. ரேஸ் ஓடிக்கிட்டே இருந்தது. கண்டுபிடிக்கிறதுக்குள்ள நெடுநேரம் ஆயிருச்சு. தலைக்காயம். மறுநாள் இறந்துட்டா. அத்தனை கேமரா, அத்தனை டாக்டர் இருந்த இடத்துல, ஒரு பிள்ளை காட்டுக்குள்ள தனியா கிடந்திருக்கு.

அடுத்த வருஷம் கிகாலி உலகப் போட்டியில ஒவ்வொரு வீரருக்கும் ஜிபிஎஸ் கருவி வச்சாங்க. ஒரு புள்ளி திடீர்னு நின்னா கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும்.

ஒரு சாவு, ஒரு வருஷம், ஒரு புது விதி. எங்க ரோட்டுல கருவேலமரத்துக்கடியில கிடந்தவருக்காக என்ன மாறிச்சு? மரத்தைக்கூட வெட்டலை.

சைக்கிள் ரேஸ் உலகம் ஏதோ கருணைக் கடல்னு நினைச்சுக்காதீங்க. அவங்களும் அடிபட்டு அடிபட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. ஹெல்மெட் கதையையே எடுத்துக்கோங்க. 1991ல் யூசிஐ ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்துச்சு. பாரிஸ்-நீஸ் ரேஸ்ல வீரர்களே போராட்டம் பண்ணாங்க. சூடு தாங்கலை, எங்க தலை எங்க இஷ்டம். நம்மூர் டூவீலர்காரர் சொல்ற அதே வசனம். யூசிஐ பின்வாங்கிருச்சு.

1995 ஜூலை 18, டூர் டி பிரான்ஸ், பிரனீஸ் மலை இறக்கம். பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கின இத்தாலிக்காரர் ஃபாபியோ கசார்டெல்லி, 24 வயசு, விழுந்து ரோட்டோரக் கல்லுல தலை மோதி இறந்தாரு. தலையில ஹெல்மெட் இல்லை. இருந்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு அப்போ பெரிய வாதம் நடந்தது. அடி பட்ட இடத்தை ஹெல்மெட் மறைச்சிருக்குமாங்கிறது கேள்வி. அந்த வாதத்துலயே எட்டு வருஷம் போச்சு.

2003 மார்ச், மறுபடியும் அதே பாரிஸ்-நீஸ் ரேஸ். கஜகஸ்தான்காரர் ஆந்த்ரே கிவிலெவ், 29 வயசு, விழுந்து மண்டை ஓடு உடைஞ்சு மறுநாள் இறந்தாரு. ரெண்டு மாசத்துக்குள்ள ஹெல்மெட் கட்டாயம். ஆரம்பத்துல கடைசி மலையேற்றத்துல மட்டும் கழட்டிக்கலாம்னு ஒரு சலுகை இருந்தது, அப்புறம் அதையும் எடுத்துட்டாங்க. இன்னைக்கு ஹெல்மெட் இல்லாம ஒருத்தரும் ஸ்டார்ட் கோட்டைத் தாண்ட முடியாது.

"ஹெல்மெட் போட்டா மட்டும்?"னு கேக்குறவங்களுக்கு: 2016ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. காயம்பட்ட சைக்கிள்காரங்க அறுபதாயிரத்துக்கு மேல. ஹெல்மெட் போட்டவங்களுக்குக் கடுமையான தலைக்காயம் வர்ற வாய்ப்பு 69 சதவீதம் குறைவு. அதே நேரம், எண்பதுல வர்ற சுண்ணாம்புக்கல் லாரி நேரா ஏறினா எந்த ஹெல்மெட்டும் காப்பாத்தாது. ரெண்டும் உண்மை. அதனாலதான் ரோட்டைப் பத்திப் பேசணும்.

"ரேஸ் வந்தா ரோடு வரும்." வரும். எப்படிப்பட்ட ரோடு? வழவழன்னு, பள்ளமில்லாம, வேகமா போக ஏத்த ரோடு. அஞ்சு நாளைக்குப் போலீஸ் மூடி வச்சிருக்கும். ஆறாவது நாள் தடுப்பை எடுத்துருவாங்க. அந்த ஆறாவது நாளைப் பத்தித்தான் நான் பேசுறேன்.

நான் படிக்கிற காலத்துல எங்க ஊர்ப்பக்கம் ரோடு குண்டும் குழியும். சைக்கிள்ல விழுந்தா முட்டி பேந்துரும், மணிக்கட்டு உடையும். மாவுக்கட்டோட ஒரு மாசம். இப்போ ரோடு நல்லாருக்கிற இடங்கள்ல இருந்து எங்ககிட்ட வர்றது தலை, நெஞ்சு, வயிறு. இது என் கண்ணால பாக்குறது, கணக்கெடுப்பு இல்லை. ஆனா காரணம் பத்தாம் வகுப்பு இயற்பியல்தான். வேகம் ரெண்டு மடங்கானா மோதுற ஆற்றல் நாலு மடங்கு. 2020ல் ஸ்டாக்ஹோம்ல கூடின உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு, சைக்கிளும் நடக்கிறவங்களும் வண்டிகளோட கலக்குற இடத்துல மணிக்கு 30தான் உச்சம்னு சொல்லிச்சு. நம்ம ஊருக்குள்ள 30ல போற மினி பஸ்ஸை நீங்க பார்த்தீங்கன்னா எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்க.

கரிசக்காட்டு ரோடு எப்படி இருக்கும்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லணும். நேரா போகும். நிழல் கிடையாது. தார் முடியுற இடத்துல அரை அடி பள்ளம், அதுக்கப்புறம் மண். மழை பெஞ்சா அந்த மண்ணுல சைக்கிள் சக்கரம் புதையும். ஓரத்துல கருவேலம் ரோட்டு மேலேயே சாஞ்சு நிக்கும், முள்ளுக்குப் பயந்து சைக்கிள்காரர் நடு ரோட்டுக்கு வருவாரு. அறுவடைச் சமயத்துல பாதி ரோட்டுல உளுந்துச் செடியும் மல்லியும் காயும். (ஜனவரி, பிப்ரவரியில ரேஸ் வச்சா வெள்ளைக்கார வீரர்கள் நமக்கு மல்லி அடிச்சுக் கொடுத்துட்டுப் போவாங்க, அது ஒரு லாபம்.) மதுரை - தூத்துக்குடி நாலு வழிச்சாலையில இன்னொரு வேடிக்கை. நடுத் தடுப்புல திரும்புற இடம் ரொம்ப தூரம். எதிர்ல தெரியுற ஊருக்குப் போக யாரு அவ்வளவு தூரம் சுத்துவா? சைக்கிள்காரர் எதிர்த்திசையில வருவாரு. அடிபட்டா "ராங் சைடுல வந்தான்"னு ஒரே வரியில முடிச்சுடுவோம்.

அப்புறம் வெயில். குரூப்ல ஒருத்தன் "மே மாசம் லீவுல வைக்கலாம்"னான். ராசா, 1967 ஜூலை 13ல் வென்டூ மலையேற்றத்துல டாம் சிம்சன்னு உலக சாம்பியனா இருந்தவரே கொளுத்துற வெயில்ல சைக்கிள்ல இருந்து சரிஞ்சு செத்தாரு. உடம்புல ஆம்ஃபெட்டமைன் மருந்தும் மதுவும் இருந்தது, மேல வெயிலும் சேர்ந்துக்கிச்சு. இப்போ யூசிஐ வெப்ப விதி ஒண்ணு வச்சிருக்கு. வெறும் வெயில் அளவை மட்டும் பாக்காம ஈரப்பதம், நேரடி வெயில், காத்து எல்லாம் சேர்த்து ஒரு குறியீட்டைக் கணக்குப் போடுவாங்க. அது 28ஐத் தொட்டா சிவப்பு மண்டலம். உடனே கூடிப் பேசி நேரத்தை மாத்தலாமா, தூரத்தைக் குறைக்கலாமா, நிறுத்தலாமான்னு முடிவெடுக்கணும். ஏப்ரல், மே மத்தியானத்துல அருப்புக்கோட்டை அந்தக் கோட்டை அனாயாசமா தாண்டும். அந்த நேரத்துல கரிமூட்டத்துப் பக்கத்துல நிக்கிறவங்களுக்கு எந்த மண்டலமும் கிடையாது. அது தனிப் பதிவா எழுத வேண்டியது, இங்க வேண்டாம்.

அரசு எதுவுமே செய்யலைன்னு நான் சொல்லலை. அரசு ஊழியன்ங்கிறதால பயந்தும் சொல்லலை. 2021 டிசம்பர்ல வந்த "இன்னுயிர் காப்போம்" திட்டத்தால விபத்துல சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அதனால பிழைச்சவங்களை நான் நேர்ல பார்க்கிறேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு இலவச சைக்கிள், 2005-06ல் இருந்து அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி எல்லாருக்கும். எங்க பக்கத்துல எத்தனை பொம்பளப் பிள்ளைங்க பிளஸ் டூ முடிச்சதுக்கு அந்த சைக்கிள் காரணம்னு எந்த ஹெட்மாஸ்டரைக் கேட்டாலும் சொல்லுவாரு. தொண்ணூறுகளோட ஆரம்பத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கத்துக்கொடுத்ததைப் பத்தி உலகமே பேசிச்சு. அதுவும் நம்மளைப் போல வறண்ட பூமிதான். சைக்கிளோட அருமை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஆனா அந்தப் பிள்ளை அந்த சைக்கிள்ல டியூஷன் முடிச்சு ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பும்போது தலையில என்ன இருக்கு? மல்லிகைப்பூ. பின்னாடி என்ன எரியுது? ஒண்ணுமில்லை. மட்கார்டுல ஒட்டியிருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் ஆறு மாசத்துல உடைஞ்சுபோச்சு. எங்கப்பா காலத்துல சைக்கிள்ல டைனமோ லைட்டு இல்லாம போனாலே போலீஸ் பிடிக்குமாம். டபுள்ஸ் போனாலும் பிடிக்குமாம். அப்போ ரோட்டுல மாட்டு வண்டிதான் அதிகம். இப்போ லாரி ஓடுது, லைட்டைக் காணோம்.

அதனால மனு எழுதப்போற நண்பர்களே, எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடுறேன். ஆனா ரோடு மட்டும் கேக்காதீங்க. ரேஸ்காரங்க உயிரைக் கொடுத்து எழுதின விதிகளையும் சேர்த்துக் கேளுங்க. தார் ரோட்டோரத்துல பள்ளமில்லாத ஒரு மீட்டர் இடம். கருவேலத்தை வெட்டி ஓரம் தெரியுற மாதிரி வைக்கிறது. ஊருக்குள்ள வேகத்தடையும் வெளிச்சமும். இலவச சைக்கிளோட ஒரு ஹெல்மெட்டும், உடையாத ஒரு பின் விளக்கும். வருஷா வருஷம் செப்டம்பர் 15ல அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டி மாவட்டந்தோறும் நடக்குதே, அங்க ஒவ்வொரு பிள்ளை தலையிலும் ஹெல்மெட் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் கொடியசைங்க. நமக்குன்னு இருக்கிற ரேஸ் அது. ஸ்பெயின்ல சைக்கிளை முந்துற வண்டி ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகணும்னு சட்டமே இருக்கு. அதையும் ஒரு வரி சேருங்க.

மில்லுக்காரங்களுக்கும் ஒண்ணு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு சைக்கிள்ல போறவங்க எத்தனை பேர்னு உங்க வாட்ச்மேனுக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு ஒரு வேன் விடுங்க. முடியலையா, ஆளுக்கொரு ஒளிரும் சட்டையாவது கொடுங்க. ரோடு போடுறவங்க போடுற அந்தப் பச்சைச் சட்டைதான், பெரிய விலையில்லை.

நானும் சைக்கிள்ல டியூட்டிக்குப் போறவன்தான், ஹெல்மெட்டோட. முதல் வாரம் டீக்கடையில "டாக்டரு சந்திரயான்ல கிளம்பிட்டாரு"ன்னாங்க. இப்போ பழகிருச்சு. போன வாரம் எங்க வார்டு அட்டெண்டர் அண்ணன் தன் மகளுக்கு ஒண்ணு வாங்கணும், எங்க கிடைக்கும்னு கேட்டாரு. மதுரையில வாங்கிட்டு வந்து கொடுத்தேன். பிள்ளைக்கு நிறம் பிடிக்கலையாம். மாத்தித் தரணும்.

இதைப் படிச்சு முடிச்சதும் வெளிய போய் உங்க வீட்டு சைக்கிளைப் பின்பக்கமா இருந்து பாருங்க. சிவப்பு லைட்டு இல்லைன்னா நாளைக்குக் கடை திறந்ததும் வாங்கி மாட்டுங்க. ஒரு பிரியாணி காசுதான் ஆகும். ராத்திரி ஷிப்ட் போற அண்ணன், மாமா யாராவது வீட்டுல இருந்தா முதல்ல அவங்க சைக்கிளுக்கு.